இரண்டாம் இசைத்தொகுதியில் வளர்ச்சி: ரேடியோஹெட் குழுவின் ‘தி பெண்ட்ஸ்’ (1995) பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

கலைவரலாறு எழுதுவோர் ‘வளர்ச்சி’ என்னும் சொல்லை அடிக்கடி ஆளுகின்றனர். ஒரு கலைஞனின் முதற்படைப்பைக் காட்டிலும் இரண்டாம் படைப்புச் சிறந்து விளங்கின், அவன் வளர்ந்தான் என்பர். தாழ்ந்திருப்பின், தளர்ந்தான் என்பர். ஆயின், வளர்ந்தது எது, எங்கே வளர்ந்தது, எதனால் வளர்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாதவரை அச்சொல் வெறும் பாராட்டுரையாக நிற்குமேயன்றி, வரலாற்று முடிபாகாது.

ராக் இசையின் வரலாற்றில் இவ்வினாக்களை எழுப்பிப் பார்த்தற்கு வாய்ப்பான சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்து நாட்டு ரேடியோஹெட் குழு 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் வெளியிட்ட ‘தி பெண்ட்ஸ்’ என்னும் இரண்டாம் இசைத்தொகுதியே அது. பன்னிரண்டு பாடல்கள் கொண்டு, ஏறத்தாழ 48 நிமிடம் ஒலிக்கும் இத்தொகுதி, ஒரே பாடலால் பெயர் பெற்று அப்பாடலோடு மறைந்துபோகும் என்று பலரும் எண்ணிய ஒரு குழுவை நிலைபெறச் செய்தது. இதில் கருத்து வேறுபாடு இல்லை. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதிலேயே வேறுபாடு உண்டு.

இதற்கு இருவகை விளக்கங்கள் கூறப்படுதல் இயல்பு. ஆற்றல் மிக்க ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் ஒருவர் வாய்த்தமையே காரணம் என்பது ஒன்று. குழுவினரின் இயற்கையாற்றல் காலப்போக்கில் தானே முதிர்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் முழுமையான விளக்கங்கள் ஆகா என்பதும், வளர்ந்தது தெரிவுசெய்யும் திறனும் பங்கிட்டுக்கொள்ளும் திறனுமே என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள். அவற்றுக்குரிய சான்றுகளை முறையே காண்போம்.

குழுவின் தோற்றமும் முதல் தொகுதியும்

ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள ஆபிங்டன் பள்ளியில் பயின்ற மாணவர் ஐவர் 1985இல் ஒரு குழுவாகக் கூடினர். தாம் யார்க், ஜானி கிரீன்வுட், அவர் தமையனார் காலின் கிரீன்வுட், எட் ஓ’பிரையன், பிலிப் செல்வே என்போரே அவ்வைவர். வெள்ளிக்கிழமைகளில் பயிற்சி செய்தமையால் குழுவுக்கு ‘ஆன் எ ஃபிரைடே’ என்று பெயரிட்டனர். அவருள் இளையவரான ஜானி ஒழிந்த நால்வரும் உயர்கல்வியின் பொருட்டுப் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றபோதும் குழு கலையவில்லை. 1991இல் ஈ.எம்.ஐ. நிறுவனத்தோடு ஆறு தொகுதிகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன் பின்னரே, ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழு 1986இல் வெளியிட்ட தொகுதி ஒன்றில் உள்ள பாடலின் தலைப்பைத் தழுவி ‘ரேடியோஹெட்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டனர்.

முதல் தொகுதியான ‘பாப்லோ ஹனி’ 1992இல் சிப்பிங் நார்ட்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஏறத்தாழ மூன்று வாரங்களில் உருவாயிற்று. ஷான் ஸ்லேட், பால் கோல்டரி என்னும் அமெரிக்கர் இருவர் அதன் பெரும்பகுதியைத் தயாரித்தனர். 1993 பிப்ரவரியில் அது வெளிவந்தது. அக்காலத்தே அமெரிக்காவில் நிர்வாணா முதலிய குழுக்களின் முழக்கமான கிட்டார் இசை செல்வாக்குற்றிருந்தது. இத்தொகுதியும் அம்மரபைப் பின்பற்றியதெனவே திறனாய்வாளர் பலர் கருதினர். தொகுதியைக் கேட்போர்க்கு அக்கருத்து முற்றும் தவறெனத் தோன்றாது. மூன்று கிட்டார்கள் பெரும்பாலும் ஒருங்கே ஒலித்து ஒன்றையொன்று மறைக்கின்றன. பாடுவோர் குரல் அவற்றின்மேல் எழுந்து நிற்கவேண்டி உரத்துச் செல்கின்றது.

ஒரு பாடலின் சிறை

இத்தொகுதியில் இடம்பெற்ற ‘க்ரீப்’ என்னும் பாடலின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. 1992 செப்டம்பரில் தனி வெளியீடாக வந்தபோது இங்கிலாந்தில் அது போதிய வரவேற்புப் பெறவில்லை. பின்னர் இசுரேல் நாட்டு வானொலியிலும், அதன்பின் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வானொலியிலும் அடிக்கடி ஒலிபரப்பப்பட்டுப் புகழ்பெற்றது. 1993 செப்டம்பரில் மீண்டும் வெளியிடப்பட்டபோது இங்கிலாந்துப் பட்டியலில் 7ஆம் இடத்தையும், அமெரிக்கப் பட்டியலில் 34ஆம் இடத்தையும் அடைந்தது.

இப்பாடலின் அமைப்பு மிக எளியது. நான்கு சுரக்கூட்டுகள் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே வரிசையில் மீள மீள வருகின்றன. இவ்வரிசை ஆல்பர்ட் ஹாம்மண்ட், மைக் ஹேசில்வுட் ஆகியோர் இயற்றிய ‘தி ஏர் தட் ஐ பிரீத்’ என்னும் பாடலை ஒத்திருந்தமையால், அவ்விருவரும் பிற்காலத்தே இதற்கு இணையாசிரியராக ஏற்கப்பட்டனர். பல்லவி தொடங்குமுன் ஜானி கிரீன்வுட் தம் கிட்டாரில் எழுப்பும் வெட்டொலியே பாடலுக்குத் தனித்தன்மை தந்தது. மென்மையாகச் செல்லும் பாடலைக் குலைத்தற்பொருட்டே அவர் அவ்வாறு செய்தார் என்பர். குலைக்க எழுந்த ஒலி பாடலின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இப்புகழ் குழுவுக்கு ஒருவகைச் சிறையாயிற்று. 1993 முழுவதும் அவர்கள் நாடு நாடாகச் சென்று இசைத்தனர். சென்ற இடமெல்லாம் மக்கள் எதிர்பார்த்தது ஒரு பாடலையே. சிலர் அது முடிந்தவுடன் எழுந்து சென்றனர். நெடுநாட்களுக்கு முன் பதிவான பாடலை நாள்தோறும் மாற்றமின்றி இசைக்க வேண்டியிருந்தமையால், தம் புதிய பாடல்களுக்கு உரிய காலத்தையும் மனத்தையும் இழப்பதாக அவர்கள் உணர்ந்தனர். இரண்டாம் தொகுதி இத்தகைய சூழ்நிலையில் தொடங்கியது என்பதை மறத்தலாகாது.

ஒலிப்பதிவின் வரலாறு

இரண்டாம் தொகுதிக்கு ஜான் லெக்கி தயாரிப்பாளராக அமைந்தார். இவர் லண்டனில் உள்ள ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் தொழில் பயின்றவர். ‘மேகசின்’ குழுவின் முதல் தொகுதியையும் (1978), ‘ஸ்டோன் ரோசஸ்’ குழுவின் முதல் தொகுதியையும் (1989) தயாரித்தவர். மேகசின் குழுவிடம் ரேடியோஹெட் குழுவினர் கொண்டிருந்த ஈடுபாடே அவரைத் தெரிவுசெய்யக் காரணமாயிற்று.

1994 பிப்ரவரியில் லண்டன் ஆர்.ஏ.கே. கூடத்தில் பணி தொடங்கியது. அதனை முடித்தற்கு நிறுவனம் ஒன்பது வாரம் வரையறுத்தது. தொகுதியை அவ்வாண்டு அக்டோபரில் வெளியிடவும், அதற்குமுன் ‘க்ரீப்’ போன்ற தனிப்பாடல் ஒன்றைப் பெறவும் அது விரும்பியது. ஆதலின், ‘சல்க்’, ‘தி பெண்ட்ஸ்’, ‘நைஸ் டிரீம்’, ‘ஜஸ்ட்’ ஆகிய நான்கு பாடல்களுள் எது முதலில் வெளிவரத் தக்கது என்னும் கேள்வியோடே பணி நடந்தது. நான்கையும் மாறி மாறி முயன்றமையால் எதுவும் நிறைவுபெறவில்லை. தமக்கென ஓர் ஒலியைத் தேடி ஜானி கிரீன்வுட் பல கிட்டார்களையும் ஒலிபெருக்கிகளையும் வாடகைக்குப் பெற்று நாட்கணக்கில் ஆய்ந்தார். இறுதியில் தாம் முன்னரே வைத்திருந்த கருவிக்கே மீண்டார்.

மே, ஜூன் திங்கள்களில் முன்னரே ஏற்பாடாகியிருந்த இசைப்பயணம் குறுக்கிட்டது. ஐரோப்பா, சப்பான், ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் புதிய பாடல்கள் மேடையேறின. பயணம் முடிந்து திரும்பியபின், ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள ‘மேனர்’ கூடத்தில் இரண்டு வாரப் பணியில் பெரும்பகுதி நிறைவெய்தியது. எஞ்சியவை ஆபி ரோடு கூடத்தில் முடிந்தன. மே 27ஆம் நாள் லண்டன் அஸ்டோரியா அரங்கில் நடந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவே ‘மை அயர்ன் லங்’ பாடலுக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. கூட்டத்தின் ஓசையை நீக்கி, குரலை மட்டும் புதிதாகப் பதிந்து சேர்த்தனர். கூடத்தில் முன்னர்ப் பதிந்த வடிவம் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை.

ஒன்பது வாரத் தனிமையில் கைகூடாதது இரண்டு வாரத்தில் கைகூடியது. இடைப்பட்டது மேடை. கூடத்தில் ஒவ்வொரு சுரத்தையும் ஐயுற்று நின்றவர்கள், கேட்போர் முன்னிலையில் பாடலை முழுமையாக இசைத்தே தீரவேண்டும் என்ற நிலையில், எது வேண்டும் எது வேண்டா எனத் தெளிந்தனர். முதல் தொகுதிப் பாடல்களும் மேடையில் பயின்றவையே அல்லவோ என ஒருவர் வினவலாம். பயின்றவைதாம். ஆயின், அக்காலத்தே அவர்கள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள இசைத்தனர். 1994இல் தம்மை ஒரு பாடலினின்று விடுவித்துக்கொள்ள இசைத்தனர். முன்னையது பலவற்றைச் சேர்க்கத் தூண்டியது. பின்னையது வேண்டாதவற்றைக் கழிக்கக் கற்பித்தது.

பாடல்களின் காலமுறை

தொகுதி வெளிவந்த ஆண்டை மட்டும் கருதி, அதில் உள்ள பாடல்கள் அனைத்தும் முதல் தொகுதிக்குப் பிற்பட்ட வளர்ச்சி எனக் கொள்ளுதல் பொருந்தாது. ‘ஹை அண்ட் டிரை’ என்னும் பாடல் 1993இலேயே மாதிரியாகப் பதிவு செய்யப்பட்டது. யார்க் அதனை விரும்பாது ஒதுக்கியிருந்தார். ஆயினும் அம்மாதிரிப் பதிவே இத்தொகுதியில் சேர்க்கப்பட்டது. ‘சல்க்’ என்னும் பாடல் 1987இல் ஹங்கர்ஃபோர்டு நகரில் நிகழ்ந்த துப்பாக்கிப் படுகொலையை ஒட்டி எழுந்தது. 1994 ஏப்ரலில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டமையால், அதனைச் சுட்டுவதாகப் பிறர் கருதாவண்ணம் அதன் இறுதிச் சொற்கள் மாற்றப்பட்டன. இதற்கு மாறாக, ‘பிளானட் டெலெக்ஸ்’ ஆர்.ஏ.கே. கூடத்தில் ஒரே மாலைப்பொழுதில் பிறந்தது. வேறொரு பாடலிலிருந்து எடுத்த டிரம் ஒலியைச் சுழலவிட்டு, அதன்மீது அதனை அமைத்தனர்.

எனவே, பன்னிரண்டு பாடல்களும் ஒரே பருவத்தில் விளைந்தவை அல்ல. பழையனவும் புதியனவும் அருகருகே நிற்கின்றன. ஆயினும் தொகுதி ஒருமையுடையதாகக் கேட்போர் செவிக்குப் படுகின்றது. இவ்வொருமை இயற்றுதலால் வந்ததன்று. தெரிந்தெடுத்துக் கோத்தலால் வந்தது. ஒதுக்கிய பாடலை ஏற்றல், நெடிது உழைத்துப் பதிந்த வடிவத்தை விடுத்து மேடைப்பதிவைக் கொள்ளல், பழம்பாடலின் சொல்லை மாற்றல் என்னும் மூன்றும் முதல் தொகுதி தோன்றிய மூன்று வாரங்களில் இயலாதவை. இவையே வளர்ச்சியின் முதற்கூறு.

மூன்று கிட்டார்களின் பங்கீடு

வளர்ச்சியின் இரண்டாம் கூறு, கருவிகளுள் ஏற்பட்ட பங்கீடு. முதல் தொகுதியில் ஒருங்கே ஒலித்த மூன்று கிட்டார்களும் இங்குத் தனித்தனிக் கடமை பூணுகின்றன. ஒன்று பாடலின் உருவைத் தாங்குகிறது. ஒன்று நிறம் தீட்டுகிறது. ஒன்று வேண்டுமிடத்து மட்டும் புகுந்து விலகுகிறது. வேண்டாதவிடத்து வாளா இருத்தலும் இசைத்தலின் ஒரு பகுதி என்னும் உணர்வு இத்தொகுதியில் காணப்படுகின்றது.

‘ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்’ இதற்குத் தக்க சான்று. யார்க் தனியே கிட்டார் மீட்டிப் பாடிய பதிவே அதன் அடித்தளம். ஏனையோர் தம் பகுதிகளைப் பின்னர் அதற்கேற்பச் சேர்த்தனர். ஆர்கன் ஒலி மெல்லப் படர்கின்றது. நரம்பிசை அதனோடு கூடுகின்றது. மின்கிட்டார்களின் முழக்கம் பாடல் நெடுந்தொலைவு சென்றபின்னரே எழுகின்றது. எழுந்த பின்னும் நில்லாது அடங்கிவிடுகின்றது. குரல் முன்செல்ல ஏனைய நால்வரும் அதனைப் பின்தொடர்ந்த இம்முறை முதல் தொகுதிக்குப் புதிது.

‘ஜஸ்ட்’ இதற்கு நேர் எதிரானது. ஒரு பாடலுள் எத்துணைச் சுரக்கூட்டுகளை அடக்கலாம் என்று யார்க்கும் ஜானி கிரீன்வுட்டும் போட்டியிட்டு அதனை அமைத்தனர். படிப்படியாக மேலேறிச் செல்லும் கிட்டார் வரிசை அதன் சிறப்பு. நான்கு சுரக்கூட்டுகளில் அடங்கிய ‘க்ரீப்’ பாடலோடு இதனை ஒப்பிடுவோர், சிக்கல் மிகுதலே வளர்ச்சி என்று முடிவு செய்தல் கூடும். அம்முடிவைத் தொகுதியின் இறுதிப்பாடலாகிய ‘ஸ்ட்ரீட் ஸ்பிரிட்’ மறுக்கின்றது. சுரங்களைப் பிரித்து மீட்டும் ஒரே கிட்டார் வரிசை அதில் ஓயாது சுழல்கின்றது. பெரு முழக்கம் எங்கும் இல்லை. சிக்கலும் எளிமையும் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து நிற்றலின், வளர்ந்தது இவ்விரண்டில் ஒன்றன்று. எப்பாடலுக்கு எது தகும் என்றறியும் தேர்ச்சியே வளர்ந்தது என்க.

குரலும் பொருளும்

மூன்றாம் கூறு குரலும் பொருளும் பற்றியது. லண்டனில் ஜெஃப் பக்லி என்னும் அமெரிக்கப் பாடகரின் நிகழ்ச்சியைக் குழுவினர் கேட்டனர். மெல்லிய உச்சக்குரலில் அச்சமின்றிப் பாடும் அவர் முறை யார்க்கின் உள்ளத்தைத் தொட்டது. அதன்பின் கூடத்துக்கு மீண்டு ‘ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்’ பாடலை இருமுறை பாடி முடித்து அவர் அழுதார் என்பது பதிவு பெற்ற செய்தி. உரத்த குரலாலன்றி மென்குரலாலும் கேட்போரை ஈர்க்கலாம் என்னும் உறுதி அவர்க்கு அன்று வாய்த்தது.

பொருளும் ஒருமைப்பட்டது. ஆழ்கடலில் மூழ்கியோர் மிக விரைந்து மேலெழுந்தால், குருதியில் வளிக்குமிழ்கள் தோன்றி உடல் நோவுறும். ‘பெண்ட்ஸ்’ என்பது அந்நோயின் வழக்குப்பெயர். மிக விரைவில் புகழின் மேற்பரப்புக்கு எழுந்த குழுவுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அரிது. ‘அயர்ன் லங்’ என்பது இளம்பிள்ளைவாதத்தால் மூச்சுவிட இயலாதவரை உள்ளே கிடத்தி மூச்சியக்கும் பொறி. அது உயிரைக் காக்கும். அதே நேரத்தில் வெளியேற விடாது. ‘க்ரீப்’ பாடலின் புகழைக் குழுவினர் அப்பொறியாகக் கண்டனர். அப்பாடலைப் போலவே மென்மையாகத் தொடங்கி வெடித்து எழும் அமைப்பிலேயே ‘மை அயர்ன் லங்’ பாடலை ஆக்கினர். தன் முதற்பாடலுக்கு ஒரு குழு தானே எழுதிய திறனாய்வு என்று அதனைக் கூறலாம்.

அட்டைப்படமும் இப்பொருளையே தழுவியது. யார்க்கின் பல்கலைக்கழக நண்பரான ஸ்டான்லி டான்வுட், யார்க்குடன் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று அப்பொறியைப் படமெடுக்க முயன்றார். அது கண்ணைக் கவரவில்லை. மாறாக, உயிர்மீட்புப் பயிற்சிக்குரிய பொம்மையொன்றின் முகம் அவர்களை ஈர்த்தது. அதனை ஒளிநாடாவில் பதிந்து, தொலைக்காட்சித் திரையில் ஓடவிட்டு, அத்திரையைப் படமெடுத்தனர். பின்னர் வந்த எல்லாத் தொகுதிகளின் அட்டைகளையும் வரைந்த டான்வுட்டின் கூட்டுறவு இக்காலத்தேதான் தொடங்கியது.

இவ்வளர்ச்சி யாருக்குரியது

இனித் தொடக்கத்தில் கூறிய இருவகை விளக்கங்களை மதிப்பிடலாம். தயாரிப்பாளரே காரணம் எனின், லெக்கியின் மேற்பார்வையில் தொடங்கிய முதல் ஒன்பது வாரங்கள் ஏன் பெரும்பாலும் வீணாயின என்பதற்கு விடை வேண்டும். மேலும், தொகுதியின் பெரும்பாலான பாடல்களின் ஒலிக்கலவையை நிறுவனம் ஸ்லேட், கோல்டரி ஆகிய இருவரிடமே ஒப்படைத்தது. முதல் தொகுதியின் தயாரிப்பாளரே இரண்டாவதன் ஒலிக்கலவையாளர் ஆயினர். இரு தொகுதிகளுக்கும் பொதுவாய் நின்றவர், அவற்றிடையே உள்ள வேற்றுமைக்குக் காரணர் ஆதல் எங்ஙனம்? லெக்கியின் பங்கு சிறிதன்று. ஆயின் அது கற்பித்தலேயன்றிப் படைத்தல் அன்று. அவர் வெளியே சென்றிருந்தபோது, நைஜெல் காட்ரிச் என்னும் இளம் ஒலிப்பொறியாளர் குழுவினரோடு சேர்ந்து ‘பிளாக் ஸ்டார்’ பாடலைப் பதிந்தார். 1997இல் வெளிவந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ தொகுதியைக் குழுவினரோடு தயாரித்தவரும் அவரே. ஆசிரியர் இல்லாத பொழுதில் மாணவர் செய்துகாட்டிய இப்பணி, கற்றது கைவந்தமைக்குச் சான்று.

இயற்கையாற்றல் தானே முதிர்ந்தது என்னும் கருத்தும் நில்லாது. தானே முதிர்வதாயின், 1993இல் பதிந்த பாடலும் 1994இல் பதிந்த பாடலும் தரத்தால் படிப்படியாக உயர்தல் வேண்டும். ஒதுக்கப்பட்ட மாதிரிப்பதிவு ஒன்று தொகுதியின் புகழ்மிக்க பாடல்களுள் ஒன்றாய் நிற்றல் அதற்கு முரண். ஆற்றல் முன்னரே இருந்தது. அதனை அடையாளம் காணும் கண்ணே பின்னர்த் திறந்தது.

விற்பனையும் வளர்ச்சிக்கு அளவுகோல் ஆகாது. இங்கிலாந்தில் முதல் தொகுதி 22ஆம் இடத்தையும் இரண்டாவது 4ஆம் இடத்தையும் பெற்றன. அமெரிக்காவிலோ முதலாவது 32ஆம் இடத்தை அடைய, இரண்டாவது 88ஆம் இடத்தோடு நின்றது. ஒரே தொகுதி ஒரு நாட்டில் ஏற்றமாகவும் மற்றொரு நாட்டில் இறக்கமாகவும் தோன்றியது. இங்கிலாந்தில் தனிப்பாடல்களாக வந்த ‘மை அயர்ன் லங்’, ‘ஹை அண்ட் டிரை’, ‘ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்’, ‘ஜஸ்ட்’ ஆகியவை முறையே 24, 17, 20, 19 என்னும் இடங்களையே எய்தின. 1996 சனவரியில் வந்த ‘ஸ்ட்ரீட் ஸ்பிரிட்’ 5ஆம் இடம் பெற்றது. தொகுதி வெளிவந்து பத்துத் திங்கள் கழிந்தபின், முழக்கமற்ற பாடல் ஒன்றே மிக உயர்ந்த இடத்தை அடைந்தது என்பது நினைக்கத்தக்கது. கேட்போரும் குழுவினரோடு சேர்ந்தே மெல்ல வளர்ந்தனர் எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன இவை: ‘தி பெண்ட்ஸ்’ தொகுதியில் வளர்ந்தது தெரிவும் பங்கீடும். அவ்வளர்ச்சி பெரிதும் நிகழ்ந்த களம் மேடை. அதற்குத் தூண்டுகோல், தம்மை வாழ்வித்த பாடலே தம்மை அடக்கியாண்டமையால் எழுந்த வருத்தம். முதற்படைப்பில் கலைஞன் தன்னிடம் உள்ளவற்றையெல்லாம் கொட்டிவிடுகிறான். இரண்டாம் படைப்பில் அவன் முதன்முறையாகத் தன் படைப்பையே எதிர்கொள்கிறான். அதனைப் பின்பற்றவோ மறுக்கவோ வேண்டியவனாகிறான். ரேடியோஹெட் குழுவினர் இரண்டையும் செய்யாது அதனை ஆராய்ந்தனர். தேவையானவற்றைக் கொண்டு ஏனையவற்றை விடுத்தனர். பிற குழுக்களின் இரண்டாம் தொகுதிகளை ஆராய்வோரும், எத்துணைப் புதியன சேர்ந்தன என்று எண்ணுவதோடு அமையாது, எவை கழிக்கப்பட்டன, அவற்றைக் கழிக்கும் துணிவு எங்குப் பிறந்தது என்று வினவுவாராயின், ‘வளர்ச்சி’ என்னும் சொல் பாராட்டு நிலையினின்று நீங்கி ஆராய்ச்சிக்குரிய சொல்லாக நிலைபெறும்.